சிமென்ட் சூளையில் குப்பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். குப்பையை எடை போட்டு, உலர்த்தி, எரித்து, அதில் எவ்வளவு சூடு இருக்கிறது, எவ்வளவு வில்லங்கம் இருக்கிறது என்று எழுதி வைப்பது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார், பேத்தியின் பள்ளி ஆசிரியை கேட்கிறார். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சிமென்ட் ஆலையில் குப்பையை எரிக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். புதிய செய்தியும் அல்ல. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பழைய டயர், கழிவு எண்ணெய் என்று சூளைக்குள் போட ஆரம்பித்தார்கள். நம் ஊரில் இது சூடு பிடித்தது மிகவும் பிந்தித்தான்.

ஆனால் "குப்பை" என்ற சொல்லைக் கேட்டதும் தெருமுனைத் தொட்டியில் இருப்பதை அப்படியே லாரியில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அது முடியாது, சட்டமும் அனுமதிக்காது. ஏன் என்பதை நான்காவது கேள்வியில் சொல்கிறேன்.

சிமென்ட் என்பது கல்லை அரைத்த மாவுதானே? அதற்கு எதற்கு இவ்வளவு நெருப்பு?

வெறும் மாவாக இருந்தால் தண்ணீர் ஊற்றினாலும் சேறாகத்தான் கிடக்கும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து ஓர் உயரமான கோபுரத்தின் உச்சியில் கொட்டுகிறார்கள். ஐந்தாறு அடுக்காக இருக்கும் சைக்ளோன்கள் என்ற புனல் வடிவக் கலன்கள் வழியே அந்த மாவு கீழே இறங்க, கீழிருந்து சுடுகாற்று மேலே ஏறுகிறது. கோபுரத்தின் அடியில் கால்சைனர் என்ற அறை. அங்கே 850 முதல் 900 டிகிரி வெப்பத்தில் சுண்ணாம்புக்கல் தனக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிடுகிறது. அதன் பிறகுதான் சூளை: சற்றே சாய்த்து வைத்த, மெல்லச் சுழலும் நீண்ட எஃகுக் குழாய். அதன் மறுமுனையில் 2000 டிகிரிச் சுடர். பொருள் 1450 டிகிரியை எட்டி, பாதி உருகி, கோலிக்குண்டு போல உருண்டு வெளியே விழுகிறது. அதுதான் கிளிங்கர். ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமென்ட்.

ஒரு கிலோ கிளிங்கருக்குச் சுமார் 730 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். நாளொன்றுக்கு 3,000 டன் கிளிங்கர் எடுக்கும் ஆலைக்கு 219 கோடி கிலோ கலோரி. பெட்கோக் (பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) மட்டும் எரித்தால் தினமும் 270 டன்னுக்கு மேல் ஆகும். இந்த 3,000 டன் ஆலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும்.

ஆர்.டி.எஃப்., ஆர்.டி.எஃப். என்கிறார்களே, அது என்ன?

குப்பையிலிருந்து பிரித்தெடுத்த எரிபொருள். மக்கும் குப்பை உரத்துக்குப் போக, விலை போகும் பாட்டில், அட்டை, இரும்பு பழைய பொருள் கடைக்குப் போக, மீதியில் எரியக்கூடியது எதுவோ அது: பிஸ்கட் உறை, பால் கவர், ஷாம்பு பாக்கெட், கிழிந்த துணி, அழுக்கான காகிதம், தெர்மாகோல். இவற்றிலிருந்து கல், கண்ணாடி, மண் ஆகியவற்றை நீக்கி, துண்டு துண்டாக வெட்டி, முடிந்தவரை உலர்த்தினால் ஆர்.டி.எஃப்.

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்குத் தரப்படிகள் இருக்கின்றன. அடிமட்டத் தரத்துக்குக் கிலோவுக்கு 1,500 கிலோ கலோரி இருந்தால் போதும். மூன்றாம் தரத்துக்கு 3,000, இரண்டாம் தரத்துக்கு 3,750, முதல் தரத்துக்கு 4,500. ஈரமும் சாம்பலும் குளோரினும் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. என் அனுபவத்தில் காகிதத்தில் இரண்டாம் தரமாகக் கிளம்பும் சரக்கு வழியில் ஒரு மழை பெய்தால் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

எல்லாம் எரியத்தானே போகிறது, தொட்டியில் இருப்பதை அப்படியே போட்டால் என்ன?

இட்லி மாவுப் பாத்திரத்தில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் போட்டு அரைப்போமா? சூளை என்பது எரிக்கும் இடம் மட்டும் அல்ல, ஒரு பொருளைத் தயாரிக்கும் இடம். உள்ளே போவதெல்லாம் ஏதோ ஒரு வடிவத்தில் கிளிங்கரிலோ புகையிலோ வெளியே வரும்.

அதைவிடப் பெரிய தொல்லை தண்ணீர். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சோறும் காய்கறித் தோலும்தான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே குறைந்தது 600 கிலோ கலோரி செலவாகும். கலந்த குப்பையை எரித்தால், அது தரும் சூட்டின் பெரும்பகுதி தன் ஈரத்தை உலர்த்துவதற்கே போய்விடும். பிரிக்காத நகராட்சிக் குப்பையைச் சூளையில் போடவே கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சொல்லியிருக்கிறது.

வேறு எதையெல்லாம் போடக் கூடாது?

மருத்துவக் கழிவு, கல்நார், மின்னணுக் கழிவு, முழு பேட்டரிகள், வெடிபொருள், கதிரியக்கப் பொருள், கனிம அமிலங்கள். இவை வாரியத்தின் தடைப் பட்டியலில் இருப்பவை. சரக்கை அவிழ்த்தால் ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும் விழுந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த லாரியை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் அனுப்பியவருக்குக் கோபம், அனுப்பாவிட்டால் பிரிக்கும் தொழிலாளியின் கையில் ஊசி.

எரிந்த பிறகு சாம்பலை எங்கே கொட்டுகிறார்கள்?

எங்கும் கொட்டுவதில்லை. சூளைக்கும் சாதாரண எரிஉலைக்கும் இருக்கும் முதல் வித்தியாசமே இதுதான். சாம்பலில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா, அலுமினா, இரும்பு, சுண்ணாம்பு. கிளிங்கருக்கு வேண்டியவையும் இவையே. அதனால் சாம்பல் கிளிங்கரோடு கலந்து அதன் பகுதியாகிவிடுகிறது. டயரை எரித்தால் அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பிகூட இரும்புத் தேவையில் ஒரு பங்கை நிரப்பிவிடும்.

அப்படியென்றால் குப்பைச் சாம்பல் கலந்த சிமென்டில்தான் நான் வீடு கட்டுகிறேனா? தாங்குமா?

நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்டில் உங்கள் அப்பாவும் கட்டியிருப்பார். நம் நாட்டு நிலக்கரியில் 30, 40 சதவீதம் சாம்பல் இருப்பது சாதாரணம். எந்த எரிபொருளில் என்ன சாம்பல் வரும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப மேலே கொட்டும் மாவின் கலவையை மாற்றுவது ஆய்வகத்தின் அன்றாட வேலை. எரிபொருள் எதுவானாலும் சிமென்ட் அதே இந்தியத் தரச் சோதனைகளில் தேறித்தான் வெளியே போக வேண்டும்.

கவனிக்க வேண்டியது குளோரைடு. அது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சிமென்டில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கம்பியை முன்கூட்டியே இழுத்து இறுக்கும் முன்இறுக்கக் கான்கிரீட்டுக்கு 0.05 சதவீதம்தான். ஆனால் சிமென்ட் கெடுவதற்கு வெகு முன்பே குளோரின் ஆலையை நிறுத்திவிடும். அந்தக் கதை பத்தாவது கேள்வியில்.

பிளாஸ்டிக்கைத் தெருவில் எரித்தால் புற்றுநோய் என்கிறீர்கள், ஆலையில் எரித்தால் மட்டும் நல்லதா?

இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். தெருவில் எரியும் பிளாஸ்டிக்கின் நெருப்பு சில நூறு டிகிரிதான். காற்றும் போதாது. அரைகுறையாக வெந்த புகையில்தான் டயாக்ஸின் போன்ற நஞ்சுகள் உருவாகின்றன. சூளையில் வெப்பம் அதிகம், ஆக்சிஜன் போதுமான அளவு, வாயு உள்ளே தங்கும் நேரமும் அதிகம். போதாததற்கு, வாயு வெளியேறும் வழியெல்லாம் சுண்ணாம்பு மாவு பறந்துகொண்டிருக்கிறது. அமில வாயுக்களில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும்.

பிடிக்காத ஒன்று பாதரசம். அது சூட்டில் ஆவியாகி, வடிகட்டியில் தூசியோடு ஒட்டி, மறுபடி உள்ளே போய், சுற்றிச் சுற்றி வந்து ஒருநாள் புகைபோக்கி வழியே போய்விடும். உடைந்த குழல்விளக்கும் பட்டன் பேட்டரியும் குப்பையில் கலக்கக் கூடாது என்பது இதனால்தான். சூளை எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று யாராவது சொன்னால் பாதரசத்தைப் பற்றிக் கேளுங்கள்.

2000 டிகிரி என்று சொல்கிறீர்கள். ஆனால் குப்பையை அங்கே போடுவதே இல்லை என்கிறானே என் தம்பி?

தம்பி சரியாகத்தான் சொல்கிறான். மெல்லிதாக வெட்டிய, உலர்ந்த, தரமான சரக்கைத்தான் பிரதானச் சுடரில் ஊத முடியும். பெரும்பாலான ஆர்.டி.எஃப். கால்சைனரில்தான் போகிறது, அங்கே 850, 900 டிகிரிதான். விளம்பரப் பலகைகளில் 2000 என்று மட்டும் எழுதுவது எனக்கும் உவப்பில்லை.

ஆனால் எரிஉலைகளுக்கு ஐரோப்பிய விதி கேட்பதும் 850 டிகிரியில் 2 விநாடிதான். நல்ல கால்சைனரில் வாயு அதற்கு மேலும் தங்குகிறது. சிக்கல் எங்கே வரும் என்றால், பெரிய துண்டாக, ஈரமாக விழும் சரக்கு உரிய நேரத்தில் எரிந்து முடியாது. கார்பன் மோனாக்சைடு ஏறும். கட்டுப்பாட்டு அறையில் அந்த எண் மேலே போனதும் குப்பையை நிறுத்திவிட்டு நிலக்கரிக்குத் திரும்புவார்கள். அதோடு, சூளை சூடேறும் போதும் அணையும் போதும் கழிவை உள்ளே விடக் கூடாது.

ஜெர்மனியில் 70 சதவீதம் குப்பையில் ஓட்டுகிறார்களாமே, நம் ஆட்களுக்கு என்ன கேடு?

ஜெர்மனியில் சிமென்ட் சூளைகளின் வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் மாற்று எரிபொருளிலிருந்து வருவது உண்மைதான். நாம் இன்னும் ஒற்றை இலக்கத்தைத் தாண்டத் தடுமாறுகிறோம். சோம்பல் ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் குளோரின். கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

நம் 3,000 டன் ஆலையின் வெப்பத்தில் 10 சதவீதத்தை மூன்றாம் தர ஆர்.டி.எஃப். கொடுக்க வேண்டும் என்றால் தினம் 73 டன் வேண்டும். அதில் 0.7 சதவீதம் குளோரின் என்று வைத்துக்கொண்டால் 511 கிலோ. தனி வெளியேற்று வழி இல்லாத சூளை, ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் 300 கிராம் குளோரினைத்தான் தாங்கும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அதாவது நாளுக்கு 900 கிலோ. 20 சதவீதத்துக்குப் போனால் 1,022 கிலோ, வரம்பு தாண்டிவிட்டது. சுண்ணாம்புக்கல்லிலும் நிலக்கரியிலும் இருக்கும் குளோரினை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

வரம்பு தாண்டினால் என்ன ஆகும்? குளோரின் பொட்டாசியத்தோடும் சோடியத்தோடும் சேர்ந்து சூளையின் சூட்டில் ஆவியாகி, கோபுரத்தில் சற்றுக் குளிர்ந்த இடத்தில் பசை போல ஒட்டும். பறக்கும் மாவு அதில் படியும். நாளாக ஆகப் பாறை. ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், தொடர்மழையில் திறந்த லாரியில் வந்த சரக்கை வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தும், இலக்கு எட்ட வேண்டும் என்று உள்ளே விட்டார்கள். மூன்றாம் நாள் கடைசி அடுக்கு சைக்ளோன் அடைத்துக்கொண்டது. ஆலை நின்றது. ஆட்கள் வெப்ப உடை போட்டுக்கொண்டு நீண்ட கம்பியால் குத்திக் குத்தி எடுத்தார்கள். 800 டிகிரி மாவு எப்போது சரிந்து மேலே கொட்டும் என்று தெரியாத வேலை அது. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் பட்டாசுச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் குளோரின் குப்பைக்குள் எங்கிருந்து வருகிறது?

இரண்டு இடம். ஒன்று பி.வி.சி.: குழாய், ஒயர் உறை, மலிவான செருப்பு, நம் தமிழ்நாட்டின் தனிச்சிறப்பான பிளெக்ஸ் பேனர். தூய பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். ஒரு பிறந்தநாள், ஒரு காதுகுத்து, ஒரு மாநாடு முடிந்தால் அந்த வாரச் சரக்கில் தெரிந்துவிடும். முகத்தைப் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று எங்கள் பையன்கள் சொல்வார்கள்.

இன்னொன்று சமையல் உப்பு. சாம்பாரும் ஊறுகாயும் ஒட்டிய கவர்கள். சாப்பாட்டுக் கழிவோடு கலந்துவிட்ட பிளாஸ்டிக் ஈரத்தையும் உப்பையும் ஒன்றாகச் சுமந்து வருகிறது.

குளோரினை வெளியே எடுக்க வழி இல்லையா?

உண்டு. சூளையின் நுழைவாயிலில் ஒரு பகுதி வாயுவை இழுத்துக் குளிரவைத்து, உப்புத் தூசியைத் தனியாகப் பிரிக்கலாம். ஜெர்மனியில் பல ஆலைகளில் இந்த ஏற்பாடு உண்டு. கோடிக்கணக்கில் செலவு, கொஞ்சம் வெப்பமும் வீண். அப்புறம் அந்த உப்புத் தூசியை என்ன செய்வது என்ற புதுக் கேள்வி. ஒரு பகுதியைச் சிமென்டில் கலக்கலாம், ஆனால் ஏழாவது கேள்வியில் சொன்ன குளோரைடு வரம்பு குறுக்கே நிற்கும்.

திருப்பூர்ச் சாயக் கழிவையும் சிமென்ட் ஆலைக்கு அனுப்புகிறார்களாமே?

சாயத் தண்ணீரை அல்ல, அதைச் சுத்திகரித்த பின் மிஞ்சும் சேற்றை. சுத்திகரிப்பில் சுண்ணாம்பு சேர்ப்பதால் அந்தச் சேற்றில் சுண்ணாம்பு நிறைய. எரிபொருளாக அது பெரிதாக உதவாது. கல்லுக்குப் பதிலாகத்தான் போகிறது. முறையாகச் சோதித்துப் போட்டால், கிடங்கில் மூட்டையாகக் கிடந்து மழையில் கரைவதைவிட நல்லது. தோல் பதனிடும் கழிவு அப்படி அல்ல, அதில் குரோமியம் இருக்கிறது. சூளையின் சூட்டில் அது நஞ்சு மிகுந்த வடிவத்துக்கு மாறக்கூடும். இரண்டையும் ஒரே மூச்சில் பேசக் கூடாது.

பெருங்குடி மலையைக் கரைத்து எங்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்கிறார்களே?

சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் மலையாகக் குவிந்த பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்கள். எரியக்கூடிய பகுதி சிமென்ட் ஆலைகளுக்கு வருகிறது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் உட்கார்ந்திருப்பது, அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் தளமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே அங்கிருந்து குப்பை கிளம்புவதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பிளாஸ்டிக்கில் மண் ஒட்டியிருக்கிறது. சாம்பல் ஏறும், சூடு இறங்கும். 250 கிலோமீட்டருக்கு மேல் டீசல் எரித்து மண்ணைச் சுமந்து வருவது யாருக்கும் லாபம் இல்லை. தோண்டும் இடத்திலேயே நன்றாகச் சலிக்க வேண்டும்.

கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று மக்கள் போராடினார்களே, சூளைக்கு மட்டும் ஏன் யாரும் போராடவில்லை?

இரண்டும் ஒன்றல்ல. எரிஉலை குப்பைக்காகவே கட்டுவது. ஒருமுறை கட்டிவிட்டால் அதன் வயிற்றுக்குத் தினமும் குப்பை வேண்டும், சாம்பலையும் எங்காவது புதைக்க வேண்டும். சூளை ஏற்கனவே இருக்கிறது. குப்பை இல்லாவிட்டால் நிலக்கரியில் ஓடும். வடசென்னை மக்களின் அச்சத்தை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஏற்கனவே அனல்மின் நிலையமும் ரசாயன ஆலைகளும் சூழ்ந்த பகுதி அது.

ஆலைக்கு இதில் கொள்ளை லாபம்தானே? குப்பைக்கு யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்?

சரக்கைப் பொறுத்தது. டயர்த் துண்டு நல்ல சூடு தருவதால் ஆலை காசு கொடுத்து வாங்கும். தொழிற்சாலைக் கழிவுக்கு, அதை அனுப்பும் தொழிற்சாலை ஆலைக்குக் கட்டணம் கட்டும். நகராட்சிக் குப்பைதான் இடையில் மாட்டிக்கொண்டது: லாரி வாடகை யாருடையது என்பதிலேயே பாதிப் பேச்சு நின்றுவிடும். வெட்டும் எந்திரம், உலர்ந்த கிடங்கு, ஊட்டும் பட்டை என்று ஆலை முதல் போட வேண்டும். மழைக்காலச் சரக்கில் அந்த முதல் திரும்பாது.

சட்டமும் தள்ளுகிறது. ஆர்.டி.எஃப். ஆலைக்கு 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் தொழிற்சாலைகள் எரிபொருளில் 5 சதவீதமாவது அதைக்கொண்டு நிரப்ப வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகள் சொல்லின. 2026 விதிகள் ஆறு ஆண்டுகளில் இதை 15 சதவீதத்துக்கு உயர்த்தச் சொல்கின்றன. பத்தாவது கேள்வியின் கணக்கைப் பார்த்தால் 15 எவ்வளவு ஒட்டிய எண் என்று புரியும்.

இதனால் புவி வெப்பமாதல் குறையுமா?

கொஞ்சம். சிமென்டின் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 60 சதவீதம் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. நீங்கள் சந்தனக் கட்டையை எரித்தாலும் அது குறையாது. மீதி எரிபொருள் பங்கிலும், பிளாஸ்டிக் பெட்ரோலியத்தின் பிள்ளைதான். துணி, காகிதம், மரம் போன்ற பங்குக்கு மட்டுமே உண்மையான சலுகை. கிடங்கில் அழுகி மீத்தேன் ஆகாமல் தடுப்பதும் ஒரு வரவு. "பசுமைச் சிமென்ட்" என்று மூட்டையில் அச்சிடும் அளவுக்கு அல்ல.

எரிக்க ஆலை இருக்கும்போது பிளாஸ்டிக் தடை எதற்கு? வீட்டில் பிரித்துக் கொடுப்பதும் எதற்கு?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1இல் வந்த தடை, பிளாஸ்டிக் கடைப் பை, உறிஞ்சுகுழல் போன்ற ஒருமுறைப் பொருட்களுக்கு. வாய்க்காலில் கிடக்கும் பை ஆலைக்கு நடந்து வராது. மறுசுழற்சி செய்யக்கூடியதை எரிப்பதும் வீண். பாட்டிலைப் பொறுக்கி விற்பவரின் வருமானம் அதில் இருக்கிறது, அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் சூளைக்கு.

பிரிப்பது எதற்கு என்பதற்கு மேலே சொன்னதெல்லாம் பதில்தான்: ஈரம், உப்பு, ஊசி, பாதரசம். இவை நான்கும் உங்கள் சமையலறையில் பிரிந்தால் செலவே இல்லை. ஆலை வாசலில் பிரிக்க லட்சங்கள் ஆகும்.

நாங்கள் ஆலைக்குப் பக்கத்து ஊர். புகையை யார் அளக்கிறார்கள்? எங்களுக்கு என்ன ஆபத்து?

தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகளைப் புகைபோக்கியில் இருக்கும் கருவி இடைவிடாது அளந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புகிறது. கழிவு எரிக்கும் சூளைக்கு 2016 முதல் தனி வரம்புகள்: டயாக்ஸின் ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம், பாதரசம் 0.05 மில்லிகிராம். ஆனால் டயாக்ஸினை நொடிக்கு நொடி அளக்க முடியாது. எப்போதாவது ஒருநாள் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அந்த ஒருநாள் சூளை எப்படி ஓடியது, என்ன சரக்கு போனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

புகைபோக்கியைவிடத் தரையில் நடப்பதைக் கவனியுங்கள் என்பேன். மூடாத லாரியிலிருந்து பறக்கும் கவர் உங்கள் ஊர் மாட்டின் வயிற்றுக்குப் போகும். கூரையில்லாத கிடங்கிலிருந்து மழையில் ஓடும் கறுப்புத் தண்ணீர் ஏரிக்குப் போகும். கோடையில் குவித்து வைத்த ஆர்.டி.எஃப். தானாகவே தீப்பிடிக்கும். அந்தப் புகைதான் எட்டாவது கேள்வியில் சொன்ன தெருப்புகை, அதுவும் டன் கணக்கில். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: கிடங்குக்குக் கூரையும் சுவரும் உண்டா, தீயணைப்புத் தண்ணீர் எங்கே இருக்கிறது, கடந்த மாதம் எத்தனை லாரியைத் திருப்பி அனுப்பினீர்கள். மூன்றாவது கேள்விக்கு "ஒன்றுகூட இல்லை" என்று பதில் வந்தால், சரக்கை யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.